வயர் போதும் என்றாகிவிட்டது: ரிஃப்ட் எஸ்ஸை விட்டு வயர்லெஸ்ஸுக்கு மாறலாமா?

வடவள்ளிக்காரன்

என்னிடம் இருப்பது ரிஃப்ட் எஸ், கம்ப்யூட்டரில் வயரால் சொருகித் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட். 2019 கடைசியில் வாங்கியது, இன்னும் ஓடுகிறது, அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் போன மாதம் நாற்காலியை இழுக்கும்போது சக்கரம் கேபிள் மேல் ஏறிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையதுதான். அன்றிலிருந்து கழுத்தை இடது பக்கம் திருப்பினால் படம் ஒரு கணம் கறுத்துப்போய்த் திரும்ப வருகிறது. 2021லேயே அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், புதுக் கேபிள் எங்கும் அகப்படவில்லை, பழைய கேபிள் வைத்திருப்பவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் ஏதோ புராதனப் பொருள் ஏலத்தில் நிற்பதுபோல் இருக்கிறது.

துபாயில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறான். வயர் இல்லாமலும் ஓடும் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை வாங்கி வரச் சொல்லலாம் என்று யோசனை. அவனோ 3எஸ் விலை குறைவு, அதையே வாங்கிக்கொள் என்கிறான்.

நான் விளையாடுவது மூன்றே மூன்று: பீட் சேபர் (பாட்டின் தாளத்துக்கு ஏற்பப் பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்டுவது), டேபிள் டென்னிஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டியரிங் வீல் வைத்து கார் ரேஸ். பீட் சேபரில் நானே உட்கார்ந்து தாளம் தாளமாகக் கட்டை அடுக்கிச் செய்த தமிழ்ப் பாட்டுகள் நாற்பது, ஊரிலிருந்து திரட்டியவை நூற்றுச் சொச்சம், எல்லாம் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அவற்றை விட முடியாது.

கம்ப்யூட்டர்: ரைசன் 5 3600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். அது மாடி அறையில். ரவுட்டர் கீழே ஹாலில், நெட் கனெக்‌ஷனோடு இலவசமாகக் கொடுத்தது, 300 எம்பிபிஎஸ் பிளான். ஜன்னல் வழியாக மேலே ஒரு லேன் கேபிள் இழுத்திருக்கிறேன்.

கேள்விகள்: 1 ஜிபிபிஎஸ் பிளானுக்கு மாறினால்தான் வயர்லெஸ் சரியாக ஓடுமா? படத்தின் தரம் வயரில் வருவதுபோல் இருக்குமா? 3ஆ, 3எஸ்ஸா? கண்ணாடி போடுகிறவன் நான், அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய சாலிடர்

முதலில் அந்த 1 ஜிபிபிஎஸ் பிளானை மறந்துவிடுங்கள், மாதாமாதம் வீண் காசு. விளையாட்டு ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில். அங்கிருந்து படம் ரவுட்டருக்குப் போய், ரவுட்டரிலிருந்து காற்று வழியாகத் தலையில் இருக்கும் பெட்டிக்கு வருகிறது. இந்தப் பயணத்தில் எதுவும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வெளியே வரும் நெட் 20 எம்பிபிஎஸ் இருந்தாலும் இது பாட்டுக்கு ஓடும். வாரத்துக்கு ஒருவர் இந்தக் குழப்பத்தோடு வருகிறார், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்து, படத்தின் தரம். ரிஃப்ட் எஸ்ஸுக்கு டிஸ்ப்ளேபோர்ட் (மானிட்டர் சொருகும் அதே இணைப்பு) வழியாகப் படம் அப்படியே, சுருக்காமல் போகிறது. குவெஸ்ட்டில் அப்படி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குவெஸ்ட் 3இல் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 புள்ளி, இரண்டு கண், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 90 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 19.7 கிகாபிட். வைஃபையில் நாம் அனுப்புவது 200 மெகாபிட் அளவுக்குத்தான், அதாவது நூற்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்குள் அடங்கும்படி கிராபிக்ஸ் கார்டு படத்தை வீடியோவாக அமுக்குகிறது, ஹெட்செட் அதைப் பிரித்துக் காட்டுகிறது. பீட் சேபரில் கறுப்புப் பின்னணியும் சிவப்பு, நீலக் கட்டையும்தான் என்பதால் வித்தியாசம் தெரியவே தெரியாது. மரம், புல், மழை, இருட்டுக் குகை என்று வரும்போதுதான் லேசாகக் குழம்பினதுபோல் இருக்கும். இன்னொன்று, யூஎஸ்பி கேபிள் போட்டு குவெஸ்ட்டை ஓட்டினாலும் இதே அமுக்கல்தான் நடக்கிறது. வயர் போட்டால் ரிஃப்ட் போல வரும் என்று நினைத்துக் கேபிளுக்குத் தனியாகச் செலவு செய்தவர்கள் உண்டு. அடியேனும் அதில் ஒருவன்.

தாமதம் பற்றியும் பயம் வேண்டாம். என் வீட்டில் 40 மில்லி செகண்டை ஒட்டி வருகிறது. கேட்டால் அதிகம்போல் இருக்கும், ஆனால் தலையைத் திருப்பும்போது கடைசியாக வந்த படத்தை ஹெட்செட்டே அந்த நொடியின் தலை நிலைக்கு ஏற்ப நகர்த்திக் காட்டிவிடுகிறது, அதனால் தலைசுற்றல் வருவதில்லை. வைஃபை திணறினால் மட்டும், சட்டென்று திரும்பும்போது படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்க்கும். அது வந்தால் ரவுட்டரைச் சந்தேகப்படுங்கள், ஹெட்செட்டை அல்ல.

ரவுட்டர்தான் இதில் பாதி வேலை. கீழே ஹாலில் இருப்பது உதவாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே வருவதற்குள் உயிர் போய்விடும். நாலாயிரம், ஐயாயிரத்துக்கே வைஃபை 6 ரவுட்டர் வருகிறது, ஒன்று வாங்கி மாடி அறையிலேயே, நீங்கள் ஆடும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். அதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கீழே இருக்கும் ரவுட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகக் கொடுக்கும் வேலை மட்டும்) போட்டு, கம்ப்யூட்டரை அதில் குட்டை லேன் கேபிளால் சொருகுங்கள். கம்ப்யூட்டரையும் வைஃபையில் விடவே கூடாது, ஒரே காற்றில் இரண்டு முறை பயணம் ஆகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து, அந்தப் பெயரை வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள். டிவியும் மூன்று போனும் அதில் ஏறிக்கொண்டால் எட்டு மணி சீரியல் நேரத்தில் உங்கள் கட்டைகள் காற்றில் நிற்கும்.

கடைசியாக உங்கள் கார்டு. ரிஃப்ட் எஸ்ஸில் ஒரு கண்ணுக்கு 1280க்கு 1440 மட்டும். குவெஸ்ட் 3இன் புள்ளிகள் அதைப்போல் இரண்டரை மடங்கு. அதோடு வீடியோ அமுக்கும் வேலையும் கார்டின் தலையில். 1660 சூப்பர் முழுத் தெளிவில் இழுக்காது. கம்ப்யூட்டர் படத்தை வைஃபையில் ஹெட்செட்டுக்கு அனுப்பும் ஆப் விர்ச்சுவல் டெஸ்க்டாப், அதில் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அதில் ஆகக் கீழ் நிலைக்கு உருளைக்கிழங்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு கீழே போக வேண்டாம், நடுவில் வைத்தால் பீட் சேபர் நன்றாகவே ஓடும்.

நாலாம் கியர்

சாலிடர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. வடவள்ளிக்காரரே, உங்கள் மூன்றில் எதற்கு வயர் இல்லாமல் இருக்க வேண்டும்? டேபிள் டென்னிஸுக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை, குவெஸ்ட்டுக்குள்ளேயே ஓடுகிற பதிப்பு இருக்கிறது, ரவுட்டர் எந்த மூலையில் இருந்தாலும் கவலை இல்லை. (கம்ப்யூட்டருக்கான ஸ்டீம் கடையில் வாங்கியது அங்கே செல்லாது, மறுபடி காசு கொடுக்க வேண்டும். அது எரிச்சல்தான்.) கார் ரேஸ் உட்கார்ந்து ஓட்டுவது. நாற்காலியில் பெல்ட் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு வயர் என்ன செய்யும்? ஆக வயர் உறுத்துவது பீட் சேபரில் மட்டும்.

ரேஸ்தான் முக்கியம் என்றால் குவெஸ்ட் என் முதல் தேர்வாக இருக்காது. தூரத்து வளைவில் பிரேக் எங்கே பிடிப்பது என்று காட்டும் பலகை, இரண்டு பக்கமும் பறக்கும் மரங்கள், இதெல்லாம்தான் வீடியோ அமுக்கலில் முதலில் கரைகிறது. சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 ஹெட்செட்டுக்கு 2024 ஆகஸ்ட்டில் கம்ப்யூட்டர் அடாப்டர் வந்தது, டிஸ்ப்ளேபோர்ட் வழியாக நேரடிப் படம், ஓஎல்இடி திரை, இருட்டு இருட்டாகவே தெரியும். வயர் உண்டு. வாரம் நான்கு நாள் ரேஸ் ஓட்டுகிறவன் நான், அந்த வயர் இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

ஆனால் ஒன்று, மைக்ரோசாஃப்டின் பழைய விஆர் ஏற்பாடான விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியில் ஓடும் ஹெட்செட் எதையும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அந்த ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ரெவெர்ப் ஜி2 மாதிரி நல்ல நல்ல பெட்டிகள் எல்லாம் ஒரே அப்டேட்டில் அலமாரிக்குப் போயின. தனி ஆள் ஒருவர் எழுதிய டிரைவர் அவற்றை மீட்டுக்கொடுத்தது வேறு கதை. தெரிந்தவனுக்குச் சரி, புதிதாக வாங்குகிறவனுக்கு ஏன் அந்தத் தலைவலி?

மொட்டைமாடி

யாரும் சீலிங் ஃபேனைப் பற்றிப் பேசவில்லையே!

வயர் இருக்கும்வரை அது நம்மைக் கட்டிப் போட்டிருந்தது, ஒரு வகையில் காவல். வயர் போனதும் நான் அறை முழுக்க ஆட ஆரம்பித்தேன், மூன்றாம் நாளே ஒரு பாட்டில் மேல்நோக்கி வெட்டும்போது ஃபேன் இறக்கையில் விரல் முட்டி பட்டது. வேகம் ஒன்றில் ஓடியதால் தப்பித்தேன். இதைத் தாண்டாதே என்று ஹெட்செட்டில் காட்டும் எல்லைக்கோட்டைத் தரையிலும் சுவரிலும் வரையலாம், உத்தரத்துக்கு வரைய வழி இல்லை. அதற்காக ஃபேனை நிறுத்தினால் நம் ஊர் வெயிலில் பத்து நிமிஷத்தில் லென்ஸில் ஆவி படிந்து எல்லாம் பனிமூட்டம்.

ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றைச் சுவரோரம் வையுங்கள். காற்றும் வரும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் முகத்தில் படும் காற்றை வைத்தே தெரியும். தெரியாமல் நகர்ந்துபோய் பீரோவில் இடிப்பது அதோடு நின்றது.

என் பெயரைப் பார்த்துவிட்டு மாடிக்குக் கொண்டுபோய் விளையாடும் யோசனை யாருக்காவது வந்தால்: வேண்டாம். வெயில் ஒரு தடவை நேராக லென்ஸில் விழுந்தால் போதும், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிக்கிற மாதிரி உள்ளே திரையில் மஞ்சள் புள்ளி விழுந்துவிடும், அது போகவே போகாது. வீட்டுக்குள்ளும் ஜன்னலோரம் லென்ஸ் மேல் நோக்கி இருக்கும்படி வைக்காதீர்கள். அப்புறம் மாடியில் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்பதும் ஒரு விஷயம்.

தேம்பனீஸ் மீரா

கண்ணாடி போடுகிறவர் என்பதால் எழுதுகிறேன், நானும் அதே கட்சி. 3எஸ்ஸில் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ், நடுவில் தெளிவு, ஓரத்துக்குப் போகப் போக மங்கல், வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிக்கீற்று. உங்கள் ரிஃப்ட் எஸ்ஸிலும் அதேதான், ஆகையால் பழகியிருப்பீர்கள். 3இல் பான்கேக் லென்ஸ், ஓரம்வரை தெளிவு, கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் படிக்கலாம். சிப் இரண்டிலும் ஒன்றே. கண்ணாடிக்கு இடம்விட 3இல் முகப்பட்டையை நாலு நிலையில் நகர்த்தலாம்.

ஆனால் முடிவு செய்யும் முன்னால் கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள், கண்ணாடிக் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ரிஃப்ட் எஸ்ஸில் லென்ஸை நகர்த்தவே முடியாது. 3எஸ்ஸில் 58, 63, 68 என்று மூன்று நிலைதான். 3இல் சக்கரம் உண்டு, 58இலிருந்து 71 வரை இஷ்டம்போல் திருகலாம். 63ஐ ஒட்டி இருக்கிறவர் என்றால் 3எஸ் வாங்கி மிச்சக் காசில் கிராபிக்ஸ் கார்டு மாற்றுங்கள் என்பேன்.

இங்கே அடுக்குமாடியில் மேலே கீழே இடது வலது என்று எல்லா வீட்டு வைஃபையும் 5 கிகாஹெர்ட்ஸில் முட்டி மோதுகிறது. வைஃபை 6இ ரவுட்டர் வாங்கி, நெரிசல் இல்லாத 6 கிகாஹெர்ட்ஸுக்குப் போன பிறகுதான் எனக்கு நிம்மதி, குவெஸ்ட் 3 அதை எடுத்துக்கொள்ளும். உங்களுடையது தனி வீடு என்று தோன்றுகிறது, அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃப்ரேம் ஹெட்செட்டில் ரவுட்டரையே ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் சொருகும் ஒரு குட்டி 6 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளையே ஹெட்செட்டோடு தருகிறார்கள், கண் எங்கே பார்க்கிறதோ அங்கே மட்டும் படத்தை அதிகத் தெளிவாக அனுப்பும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ரிஃப்ட் கேபிள் அதுவரை தாங்கும் என்றால் பொறுத்திருந்து பார்க்கலாம். தாங்காது என்றுதான் தோன்றுகிறது.

வடவள்ளிக்காரன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கண்ணாடிக் கடையில் அளந்தேன். எனக்கு 70. ஆறு வருடமாக அரை மணி ஆடியதும் கண் ஏன் வலிக்கிறது என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது, நான் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மாவுக்கு 59. ஆக 3தான், மச்சானுக்குச் சொல்லியாகிவிட்டது.

நாலாம் கியர் அண்ணே, நீங்கள் சொன்னது உறைத்தது. டேபிள் டென்னிஸைக் குவெஸ்ட்டுக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறேன். ரேஸுக்கு வயரே போடுகிறேன். ஆனால் பீட் சேபருக்கு அந்த நூற்று நாற்பது பாட்டு இருக்கிறதே, அதற்காகவாவது கம்ப்யூட்டரிலிருந்து காற்றில் வந்தாக வேண்டும்.

சாலிடர், ஒரு சந்தேகம். கீழே இருந்து வரும் லேன் கேபிளை இப்போது விண்டோஸில் பார்த்தால் லிங்க் ஸ்பீட் 100 என்று காட்டுகிறது. இதையும் மாற்ற வேண்டுமா? ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் அடித்து ஒட்டிப்போய்க் கிடக்கிறது.

பழைய சாலிடர்

நீளக் கேபிளை விட்டுவிடுங்கள். எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும், நாலு கம்பி நன்றாக இருந்தாலே 100இல் ஓடிவிடும், கிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேண்டும். மாடியில் புது ரவுட்டர் வைத்துவிட்டால் கம்ப்யூட்டருக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவிலான போக்குவரத்து அந்த அறையோடு முடிந்துவிடுகிறது. கீழே போகும் கேபிள் நெட்டுக்கு மட்டும்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கும் புது ரவுட்டருக்கும் நடுவில் போடும் குட்டைக் கேபிள் கட்டாயம் 1000 காட்ட வேண்டும், ரவுட்டரிலும் கிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவில் சிலவற்றில் 100தான்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் காசு, அதே வேலையைச் செய்யும் ஸ்டீம் லிங்க் இலவசம். முதலில் இலவசத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறது என்று தெரியவில்லை என்றால் மற்றதை வாங்குங்கள், அதில் தாமதத்தைப் பிரித்துக் காட்டும்: விளையாட்டு எவ்வளவு, அமுக்க எவ்வளவு, நெட்வொர்க் எவ்வளவு, பிரிக்க எவ்வளவு என்று.

வடவள்ளிக்காரன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

மச்சான் வந்தான், பெட்டி வந்தது. வைஃபை 6 ரவுட்டரை அறையில் அலமாரி மேல் வைத்தேன். முதல் நாள் படுமோசம். பாட்டு ஒரு பக்கம் போகிறது, கட்டைகள் விட்டுவிட்டு வருகின்றன, திரும்பினால் நீங்கள் சொன்ன அதே கறுப்புப் பட்டை. ரவுட்டரை மூன்று இடம் மாற்றினேன், சேனலை மாற்றினேன், கார்டுதான் காரணம் என்று வீட்டில் புது கார்டுக்கு அடிபோட்டும் பார்த்தேன். இரண்டாம் நாள் விர்ச்சுவல் டெஸ்க்டாப் வாங்கிப் பார்த்தால் நெட்வொர்க் எண் மட்டும் எகிறிக் கிடக்கிறது. குனிந்து பார்த்தேன், கம்ப்யூட்டருக்குச் சொருகியது டிராயரில் கிடந்த ஏதோ பழைய கேபிள், லிங்க் ஸ்பீட் 100. சாலிடர் கட்டாயம் என்று எழுதியதைப் படித்துவிட்டு அதையே செய்திருக்கிறேன். இருநூறு ரூபாயில் கேட் 6 கேபிள், 1000 வந்தது, அவ்வளவுதான், எல்லாத் தொல்லையும் ஓய்ந்தது. இப்போது தாமதம் 45 மில்லி செகண்டைச் சுற்றி நிற்கிறது, எக்ஸ்பர்ட் நிலையில் பழைய மதிப்பெண்ணை நாலு பாட்டில் தாண்டிவிட்டேன். புது கார்டு கேட்டதை வீட்டில் மறந்துவிட்டார்கள் என்று நம்புகிறேன்.

ரேஸில் நாலாம் கியர் சொன்னது சரி, தூரத்து மரங்கள் கீரைக் கூட்டு மாதிரி இருக்கின்றன. ஆனாலும் ரிஃப்ட்டைவிட டயல் எண்கள் தெளிவு, கண் வலியும் இல்லை, அதனால் பொறுத்துக்கொள்கிறேன். ஃபேனைக் கழற்றி ஸ்டாண்ட் ஃபேன் வைத்தாயிற்று. இன்னும் திரும்பும்போதெல்லாம் இல்லாத வயரைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்குகிறேன், மகள் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டுகிறாள்.

ஒரே குறை சார்ஜ். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது, கூடவே கொடுத்த துணிப்பட்டை முன்பக்கம் கனத்து மூக்கை அழுத்துகிறது. பேட்டரியோடு வரும் பின்பட்டை வாங்கலாமா, இல்லை பவர் பேங்கைப் பின்னால் கட்டிக்கொண்டால் போதுமா?

மொட்டைமாடி

பவர் பேங்கைக் கட்டுங்கள், எடையும் பின்னால் போய்ச் சமமாகிவிடும், நான் ஒரு வருடமாக அப்படித்தான். குட்டை யூஎஸ்பி கேபிளாக வாங்குங்கள். நீளமாக வாங்கினால் மறுபடி வயர், மறுபடி காலைத் தூக்க வேண்டியதுதான்.